பண்புசார் ஆய்வை எங்கிருந்து கற்பது? குமரி மீனவர்களும் வானிலை எச்சரிக்கையும்

நெய்தல்:
எல்லோருக்கும் வணக்கம். இதழியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, கோர்ஸ் வொர்க் முடித்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் வானிலை எச்சரிக்கை மீனவர்களிடம் எப்படிப் போய்ச் சேருகிறது, சேர்ந்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலருக்குத் தகவலே எட்டவில்லை என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவு, கோவில் (தேவாலய) மைக், டிவி, செயலி, படகில் வயர்லெஸ் செட் என்று வழிகள் பெருகிவிட்டன. ஆனால் எந்தத் தகவலை யார் நம்புகிறார், எப்போது நம்புகிறார் என்பது எனக்குப் புரியவில்லை. அதைத்தான் ஆய்வு செய்ய வேண்டும்.

கோர்ஸ் வொர்க் முழுக்கப் புள்ளியியல்தான். எண்ணாமல், பேசியும் உடனிருந்து பார்த்தும் புரிந்துகொள்ளும் பண்புசார் முறைக்கு இரண்டு வகுப்போடு சரி. "நேர்காணல், குழு விவாதம், இனவரைவியல் (மக்களோடு தங்கிப் பார்த்து எழுதுவது)" என்று வரையறைகள் எழுதிக்கொண்டேன். கைடு நல்லவர், "உன் கேள்விக்கு இதுதான் பொருத்தம், ஆனால் முறையாகக் கற்றுக்கொண்டு செய்" என்கிறார். நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் எல்லாம் வரையறையிலேயே சுற்றுகின்றன. எதில் ஆரம்பிக்க வேண்டும்? எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? டி.சி. (முனைவர் பட்ட ஆய்வுக் கமிட்டி) மீட்டிங்கில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

எண்கணக்கன்:
நல்ல தலைப்பு. நான் அளவுசார் ஆய்வு செய்தவன், அதனால் என் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை கடற்கரை ஊர் இருக்கிற மாவட்டத்தில் இருபது பேரிடம் பேசிவிட்டு "மீனவர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஊர்களைப் பகுத்து, ஒழுங்காக மாதிரி எடுத்து, ஒரு கொஸ்டினர் போடுங்கள். எந்த ஊடகம் வழியாக எத்தனை சதவீதம் பேருக்குத் தகவல் போகிறது என்று தெரிந்தால் அரசுக்கும் பயன்படும்.

மாடக்குளம்:
நெய்தல், நான் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்துகிறேன். எண்கணக்கன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சதவீதம் வேண்டுமானால் கருத்தெடுப்புதான் வழி. ஆனால் உங்கள் கேள்வி சதவீதம் கேட்கவில்லை.

ஒரு கொஸ்டினரைக் கற்பனை செய்து பாருங்கள். "எச்சரிக்கையை எதன் வழியாக அறிந்தீர்கள்? அ) தொலைக்காட்சி ஆ) வானொலி இ) வாட்ஸ்அப் ஈ) பிற." ஒருவர் மச்சினன் போன் செய்ததால் டிவியைப் போட்டார், பிறகு கோவில் மைக்கில் கேட்டார், பிறகு கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தார், பிறகு படகு உடமையாளரிடம் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? எதில் போட்டாலும் நடந்தது தொலைந்துபோகும். எந்தக் கட்டங்களைப் போட வேண்டும் என்பதே நமக்கு இன்னும் தெரியாத நிலையில் எண்ண ஆரம்பிப்பது அவசரம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். முறையியல் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். முடிந்துபோன நல்ல ஆய்வு இரண்டு மூன்றை எடுத்து, கண்டுபிடிப்பு என்ன என்று பார்க்காமல், அந்த ஆள் என்ன செய்தார் என்று படியுங்கள். யாரிடம் முதலில் போனார், யார் அறிமுகம் செய்தது, எங்கே உட்கார்ந்து பேசினார், எந்த இடத்தில் அவருடைய கேள்வியே மாறியது என்று.

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட, காதல் நாவல் படிக்கும் அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வு நம் துறையில் எல்லோரும் படிப்பது. ஓர் ஊர், அங்கே புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவரிடம் ஆலோசனை கேட்டு நாவல் வாங்கும் வாடிக்கையாளர்கள். அவ்வளவுதான் களம். ராட்வே நாவல்களின் கதையைப் பற்றிக் கேட்கப் போனார். அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பப் பேசியது படிக்கிற செயலைப் பற்றி. புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் தங்களுக்கே உரியது, கணவனும் பிள்ளைகளும் அதில் கைவைக்க முடியாது என்றார்கள். கதையை மட்டும் அலசியிருந்தால் இது கிடைத்திருக்காது. "இந்த நாவல் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும், 1 முதல் 5 வரை" என்று கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. கேட்கப் போனது ஒன்று, அவர்கள் சொன்னது வேறொன்று, அதை அடையாளம் கண்டு தன் ஆய்வையே திருப்பிக்கொண்டார். இந்தத் திருப்பத்தை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

அடுத்தது டேவிட் மோர்லி. 1980இல் வெளியான ஆய்வுக்காக, பிபிசியின் ஒரு மாலை நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டி விவாதிக்க வைத்தார். வங்கி மேலாளர்கள், தொழிற்சங்கத்தினர், பயிற்சித் தொழிலாளர்கள், மாணவர்கள் எல்லாம் அதில் உண்டு. ஒரே நிகழ்ச்சியை ஒரு குழு அப்படியே ஏற்றது, ஒரு குழு சண்டை போட்டது, இன்னொரு குழு இது நமக்கானதே இல்லை என்று ஒதுக்கியது. வர்க்கத்தை மட்டும் வைத்து யார் எப்படிப் புரிந்துகொள்வார் என்று சொல்லிவிட முடியவில்லை. இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். வகுப்பறையில் கூட்டமாக உட்கார்ந்து யாரும் வீட்டில் டிவி பார்ப்பதில்லையே என்ற விமர்சனத்தை எடுத்துக்கொண்டு, தெற்கு லண்டனில் 18 குடும்பங்களின் வீட்டுக்கே போனார். 1986இல் அது வெளியானது. அங்கே பேச்சு வேறு திசைக்குப் போனது: ரிமோட் யார் கையில் இருக்கிறது, யார் வேலை செய்துகொண்டே அரைக்கண்ணால் பார்க்கிறார்கள். இடம் மாறியதும் கிடைத்த விஷயமே மாறிவிட்டது.

உங்களுக்கும் இதே கேள்வி உண்டு. மீனவரைத் துறைமுகத்தில் பார்ப்பீர்களா, வீட்டிலா, வலை பின்னும் இடத்திலா?

ஒலிநாடா:
மாடக்குளம் மேடம் சொன்னதோடு நம் ஊர் ஆய்வு ஒன்றையும் சேர்க்கிறேன். ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு வெளியே, ஐ.டி. வளாகங்களும் பழைய கிராமங்களும் ஒட்டி இருக்கிற பகுதியில் பதினைந்து மாதம் களப்பணி செய்து, சமூக ஊடகப் பயன்பாடு பற்றி எழுதியது. 2017இல் யூசிஎல் பிரஸ் வெளியிட்டது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஊருக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்திருக்கிறார். மதுரையில் சினிமா ரசிகர்களிடையே சாரா டிக்கி செய்த ஆய்வும் (1993) இருக்கிறது. நம் தெரு, நம் வீடு எப்படி ஆய்வுக்குள் வருகிறது என்று பார்க்க இரண்டும் உதவும்.

நான் பல வருஷம் நிருபர், பிறகு சமுதாய வானொலி. இதழியல் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நமக்குப் பேட்டி எடுக்கத் தெரியும், ஆனால் அது இந்தப் பேட்டி இல்லை. நிருபருக்கு ஒரு நல்ல வரி கிடைத்தால் போதும், எழுந்துவிடலாம். ஆய்வாளருக்கு அந்த வரி கிடைக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. செய்தியில் "ஏன்?" என்று நேராகக் கேட்போம். களத்தில் "ஏன்" கேட்டால் எதிரில் இருப்பவர் காரணம் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார், அதுவும் நமக்குப் பிடித்த காரணமாக.

விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு கேள்விகள்:

"அரசு எச்சரிக்கையை நீங்கள் நம்புகிறீர்களா?" இதற்கு "நம்பாம எப்படி" என்று பதில் வரும். முடிந்தது.

"கடைசியா காத்து மோசமா இருக்கும்னு தகவல் வந்த அன்னைக்கு, காலையில எழுந்ததிலிருந்து என்ன நடந்ததுன்னு சொல்லுங்க." இப்போது அவர் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். யார் போன் செய்தது, யாரோடு பேசினார், எப்போது முடிவு எடுத்தார் எல்லாம் தானாக வரும். நம்பிக்கை என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே தேவையில்லை. ஜேம்ஸ் ஸ்ப்ராட்லி 1979இல் இனவரைவியல் நேர்காணல் பற்றி எழுதியபோது இப்படி ஒரு இடத்தையோ ஒரு நாளையோ முழுதாகச் சுற்றிக் காட்டச் சொல்லும் கேள்வியைத்தான் முதலில் வைத்தார். அதற்குப் பிறகு, அவர் சொன்ன சொல்லையே எடுத்துக் கேளுங்கள்: "தண்ணி நிறம் மாறிட்டுன்னு சொன்னீங்களே, அது எப்படி இருக்கும்?"

பேசாமல் இருப்பதையும் பழக வேண்டும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் அவரே தொடர்வார், அங்கேதான் நல்ல விஷயம் இருக்கும்.

குளச்சல்காரன்:
தங்கச்சி, நான் ஆராய்ச்சி படிச்சவன் இல்ல, கடப்புறத்துல பிறந்தவன். இந்த இழையைப் பார்த்ததும் சொல்லணும்னு தோணிச்சு.

ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பாக்கணும், அது மரியாதை. ஆனா சாமியாரைக் கூடவே கூட்டிக்கிட்டு வீடு வீடா போகாதீங்க. சாமியார் பக்கத்துல நிக்கும்போது "கோவில் மைக்ல சொன்னா உடனே கேப்போம்"னுதான் எல்லாரும் சொல்லுவாங்க.

எப்போ வர்றீங்கன்னு யோசிங்க. இந்த மாவட்டத்துல விசைப்படகு தடைக்காலம் ரெண்டா பிரியும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1லிருந்து ஜூலை 31 வரை. தடைக்காலத்துல ஆள் வீட்டுல இருப்பான், நிறைய பேசுவான். ஆனா அப்போ அவன் சொல்றது நினைவுல இருந்து சொல்றது. கடலுக்குப் போற மாசத்துல பாத்தா நேரம் கிடைக்காது, ஆனா தகவல் வந்து போறதைக் கண்ணால பாக்கலாம். நாட்டுப்படகுக்காரங்களுக்கு அந்தத் தடை இல்ல, அவங்க கணக்கே வேற. ஆழ்கடலுக்கு நாள்கணக்கில போறவங்களுக்கும், காலையில வள்ளத்துல போய் மத்தியானம் திரும்புறவங்களுக்கும் எச்சரிக்கைன்னா ஒண்ணு இல்ல. ரெண்டையும் ஒரே கூட்டமா போட்டுடாதீங்க.

பெண்களை விட்டுடாதீங்க. டிவி பாக்குறது, கோவில் மைக் கேக்குறது, கடல்ல இருக்குறவனுக்குத் தகவல் அனுப்பப் பாடுபடுறது பாதிக்கு மேல அவங்கதான்.

மாடக்குளம்:
ஐயா, ஒரு முறையியல் பாடப்புத்தகத்தில் மாதிரித் தேர்வு என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதில் இருக்க வேண்டியதை இந்த நான்கு பத்தியில் சொல்லிவிட்டீர்கள். நெய்தல், இதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பருவம், படகின் வகை, பாலினம், ஊருக்குள் விடும் வாயிற்காவலராக யார் நிற்கிறார் என்ற நான்கும் உங்கள் ஆய்வு வடிவமைப்பில் நேராக வர வேண்டியவை.

நெய்தல்:
அண்ணே, ரொம்ப நன்றி. பெண்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, தலைப்பிலேயே "மீனவர்கள்" என்றுதான் போட்டிருக்கிறேன். கைடிடம் பேசி மாற்றுகிறேன்.

எண்ணிக்கைக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. பன்னிரண்டு நேர்காணல் போதும் என்று ஒரு சீனியர் சொன்னார்.

மாடக்குளம்:
அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை மீட்டிங்கில் தைரியமாகப் பேசலாம். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை அது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாகக் குறியிட்டு, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அது சொல்வதற்கேற்ப ஒரு சிறு பெயர் கொடுத்து, பார்த்தார்கள். முதல் 12 முடிவதற்குள் பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன, அடிப்படையானவை ஆறிலேயே தலைகாட்டிவிட்டன. ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான கூட்டத்திடம், எல்லோரிடமும் கேட்டதும் ஒரே கேள்விகள். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் நம் சீனியர்கள் சொல்வது. உங்களுக்கு ஆழ்கடல் படகு, நாட்டுப்படகு, வீட்டுப் பெண்கள், உடமையாளர்கள் என்று குறைந்தது நான்கு வகை இருக்கிறது. பன்னிரண்டை நான்காகப் பிரித்தால் வகைக்கு மூன்று பேர்.

இனிப் பேசினாலும் புதிதாக எதுவும் வராது என்ற கட்டம்தான் நிறைவுநிலை. அந்தக் கருத்து கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் கொண்டுவந்தது. அங்கே அது ஒரு குறிப்பிட்ட வேலைமுறையின் பகுதி: நேர்காணல் எடு, அலசு, அந்த அலசல் காட்டும் ஆளைத் தேடிப் போ, மறுபடி எடு. எல்லா நேர்காணலையும் எடுத்து முடித்துவிட்டு, கடைசியில் "நிறைவுநிலை வந்தது" என்று ஒரு வரி சேர்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் தங்கள் வகைக் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு (பேச்சுகளில் ஊடாடும் பொதுவான கருத்துகளைக் கட்டியெடுக்கும் முறை) இந்த அளவுகோலே பொருந்தாது என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மால்டெருட் குழு 2016இல் முன்வைத்த 'தகவல் வலிமை' என்ற யோசனை. நோக்கம் குறுகலாக இருந்தால், பேசுகிறவர்கள் விஷயத்துக்கு நெருக்கமானவர்களாக இருந்தால், ஒரு கோட்பாடு கையில் இருந்தால், உரையாடல் ஆழமாக இருந்தால், ஒவ்வொருவரையும் நுணுக்கமாக அலசினால் குறைவான பேர் போதும். இவற்றில் எது இல்லையோ அந்த அளவுக்கு ஆள் கூட வேண்டும். உங்கள் திட்டத்தை இந்த ஐந்தில் வைத்துப் பார்த்து, "இந்தக் காரணங்களால் முதலில் இவ்வளவு, அலசலைப் பொறுத்துக் கூட்டுவேன்" என்று எழுதுங்கள். எண்ணைவிட அந்தக் காரணத்தைத்தான் கமிட்டி கேட்க வேண்டும், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எண்கணக்கன்:
சரி, எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன். என் உண்மையான சந்தேகம் வேறு. நீங்கள் பேசி, நீங்களே எழுதி, நீங்களே குறியிட்டு, நீங்களே முடிவு சொல்கிறீர்கள். நெய்தல் ஏற்கனவே நினைத்ததையே களத்திலும் கண்டுபிடித்தார் என்றால் அதை யார் பிடிப்பது? எங்கள் முறையில் தப்பு செய்தால் அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

மாடக்குளம்:
இதுதான் சரியான கேள்வி. பலரும் இதை "எங்கள் முறை வேறு" என்று சொல்லி நழுவுவதால்தான் பண்புசார் ஆய்வுக்குக் கெட்ட பெயர்.

ஆய்வு முறையியலாளர்கள் லிங்கனும் கூபாவும் 1985இலேயே இதற்கு வழிகள் எழுதிவைத்தார்கள். களத்தில் நீண்ட நாள் இருப்பது, உங்கள் விளக்கத்துக்குப் பொருந்தாத ஆளைத் தேடிப் பிடிப்பது, வேறொரு ஆய்வாளரிடம் கொடுத்துக் குடைய வைப்பது, எடுத்த ஒவ்வொரு முடிவையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது. இவற்றில் பொருந்தாத ஆளைத் தேடுவது எனக்கு எல்லாவற்றிலும் மேல். "மீனவர்கள் அரசுத் தகவலைவிடச் சொந்தக்காரர் சொல்வதை நம்புகிறார்கள்" என்று உங்களுக்குத் தோன்ற ஆரம்பித்த அன்றே, சொந்தக்காரர் சொல்லியும் போனவரையும், செயலியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவரையும் தேடிப் போங்கள். கிடைத்தால் உங்கள் விளக்கம் மாறும், அல்லது கூர்மையாகும்.

இரண்டு முறைகளும் பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் துறையின் பழைய ஆய்வுகளில் ஒன்றைச் சொல்கிறேன். 1943 செப்டம்பர் 21 அன்று பாடகி கேட் ஸ்மித் அமெரிக்க வானொலியில் 18 மணி நேரம், விட்டு விட்டு வந்து, போர்ப் பத்திரம் வாங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மக்கள் கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கினார்கள். ராபர்ட் மெர்ட்டன் குழு நியூயார்க்கில் நூறு பேரை ஆழமாகப் பேட்டி எடுத்தது, கூடவே ஒரு கருத்தெடுப்பும் நடத்தியது. அவர் இத்தனை மணி நேரம் தன்னை வருத்திக்கொள்கிறார், ஆகவே மனதார்ந்து பேசுகிறார் என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டதை அந்தப் பேட்டிகள்தான் வெளிக்கொண்டுவந்தன.

நம் நாட்டில் 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆண்டு நடந்த 'சைட்' செயற்கைக்கோள் தொலைக்காட்சித் திட்டம், ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்கள். அதன் தாக்கத்தை அளக்கப் பெரிய கருத்தெடுப்புகள் நடந்தன. அதோடு மானிடவியலாளர்கள் கிராமங்களில் தங்கி, டிவி பெட்டியைச் சுற்றி யார் உட்காருகிறார்கள், யார் வருவதில்லை என்றும் பார்த்து எழுதினார்கள். எண்கணக்கன் போன்ற ஒருவர் நெய்தலின் வேலை முடிந்த பிறகு ஒரு கொஸ்டினர் தயாரித்தால், அது இப்போது தயாரிப்பதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

எண்கணக்கன்:
அதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், நெய்தல். பேச மறுத்தவர்கள், ஊரில் இல்லாதவர்கள் யார் யார் என்ற பட்டியலையும் வைத்திருங்கள். உங்களோடு பேச நேரம் உள்ளவர்கள் யார் என்பதே ஒரு வடிகட்டி. தீசிஸில் அதை ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

நெய்தல்:
கண்டிப்பாக, சார். அடுத்து கோடிங், அந்தக் குறியிடும் வேலை. இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மென்பொருள் வாங்க வேண்டுமா? டிரான்ஸ்கிரிப்ட்டை ஆங்கிலத்தில் போட வேண்டுமா?

ஒலிநாடா:
மென்பொருள் வாங்க வேண்டாம். டகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம். ஆரம்பத்தில் அச்செடுத்த தாளும் கலர் பேனாவும் போதும். மென்பொருள் அடுக்கிவைக்கும், யோசிக்காது.

டிரான்ஸ்கிரிப்ட்டைத் தயவுசெய்து நீங்களே எழுதுங்கள். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் கடற்கரைப் பேச்சுவழக்கும் காற்றிரைச்சலும் சேர்ந்தால் அவை இஷ்டத்துக்கு எழுதும். அதைவிட முக்கியம், ஹெட்போன் போட்டு ஒரு மணி நேரப் பேச்சை நிறுத்தி நிறுத்தி எழுதும்போது, நேரில் காதில் விழாதது விழும். தமிழிலேயே எழுதி, தமிழிலேயே குறியிடுங்கள். தீசிஸில் மேற்கோளாகப் போகும் பகுதியை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்கினால் போதும்.

மாடக்குளம்:
கோடிங்கை ஒரு துண்டை வைத்துக் காட்டுகிறேன். இதுவும் விளக்கத்துக்காக எழுதியதுதான், யாருடைய பேட்டியும் இல்லை.

"சாயங்காலம் கோவில் மைக்ல சொன்னாவ. அதுக்கு முன்னாடியே மச்சான் துபாய்ல இருந்து போன் போட்டுட்டான், டிவியில போடுகான்னு. நான் கடப்புறத்துல போயி பாத்தேன். தண்ணி நிறம் மாறிட்டு. அப்பவும் ரெண்டு வள்ளம் போச்சு. கடன் இருக்குல்லா."

முதல்முறை செய்பவர்கள் இதன் பக்கத்தில் "ஊடகம்", "குடும்பம்", "பாரம்பரிய அறிவு", "பொருளாதாரம்" என்று எழுதுவார்கள். இவை தலைப்புகள். நூறு நேர்காணலிலும் இதே நான்கு தலைப்புதான் வரும், எதுவும் புரியாது. கேத்தி சார்மஸ் சொல்வதுபோல, நடப்பதைச் செயலாக எழுதிப் பாருங்கள்:

அறிவிப்பு வருமுன்பே உறவினர் வழியாகத் தெரிந்துகொள்வது. வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் இருப்பவருக்குச் சொல்வது. கேட்டதைக் கண்ணால் சரிபார்க்கப் போவது. தெரிந்தே மற்றவர்கள் கிளம்புவதைப் பார்ப்பது. போனவர்களுக்காகக் காரணம் சொல்வது.

இப்போது கடைசி இரண்டில் நில்லுங்கள். "கடன் இருக்குல்லா" என்கிறார். யாருக்குக் கடன்? போனவர்களுக்கா, இவருக்குமா? அவர் குறை சொல்கிறாரா, தாங்கிப் பேசுகிறாரா? இதைத் தனியாக ஒரு குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பிலிருந்துதான் அடுத்த நேர்காணலுக்குக் கேள்வி பிறக்கும்: தகவல் தெரிந்த பிறகு கிளம்புவதா வேண்டாமா என்ற முடிவு யாருடையது? படகுத் தொழிலாளிக்கு அதில் குரல் உண்டா? பாருங்கள், தகவல் எட்டியதா இல்லையா என்ற உங்கள் முதல் கேள்வியைத் தாண்டி, எட்டிய தகவலை வைத்து முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். ஆறு வரியில்.

இதனால்தான் நான் எப்போதும் வலியுறுத்துவது: எல்லா நேர்காணலையும் எடுத்து முடித்துவிட்டு அலச உட்காராதீர்கள். ஒன்றை எடுங்கள், எழுதுங்கள், குறியிடுங்கள், அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள், கைடிடம் காட்டுங்கள். பிறகுதான் அடுத்தது. முதல் சிலவற்றுக்கு இது வெறுப்பாக, மெதுவாக இருக்கும். இந்த முறையை வேறு எப்படியும் கற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் நான் சொல்லித்தருவது இதற்குத் தயார்ப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது.

தீசிஸ் எழுதும்போது "தரவிலிருந்து மூன்று கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்று எழுதாதீர்கள். பிரவுனும் கிளார்க்கும் 2006 கட்டுரையிலேயே இந்தச் சொல்லாட்சியைக் கண்டித்தார்கள். அவை தாமாக வெளிப்படவில்லை, நீங்கள் கட்டினீர்கள். எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

குளச்சல்காரன்:
மேடம் போட்ட அந்த ஆறு வரிப் பேச்சு எங்க ஊர்ல தினம் கேக்குறதுதான். கடன் விஷயம் உண்மை. ஆனா யாரும் முதல் நாள் வந்த ஆள்கிட்ட அதைச் சொல்லமாட்டான்.

இன்னொண்ணு கேக்கணும். ஒக்கியில ஆள் போன வீட்டுக்கும் போவீங்களா?

நெய்தல்:
அண்ணே, அதுதான் எனக்கும் தெரியவில்லை. அவர்களை விட்டுவிட்டால் ஆய்வு முழுமையாகாது போலிருக்கிறது. ஆனால் போய் என்ன கேட்பது?

ஒலிநாடா:
அந்தச் சமயத்தில் எத்தனை கேமரா அந்த வீடுகளுக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். மறுபடி ஒருவர் வந்து அதையே கேட்பதற்கு உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே அந்த நினைவு தேவையா? உங்கள் கேள்வி இன்றைக்கு எச்சரிக்கை எப்படிப் போகிறது என்பது. அதற்கு ஒக்கியை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. அவர்களாக எடுத்தால் கேளுங்கள், அவர்களாக நிறுத்தினால் நிறுத்துங்கள். பதிவை அணைக்கவா என்று கேளுங்கள்.

மாடக்குளம்:
ஒலிநாடா சொல்வதுதான் என் கருத்தும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு ஒப்புதல் முடிந்துவிடாது. பேச்சு கனமாகும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி கேட்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குபவர்களிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவிலேயே எடுக்கலாம், அதை உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். ஒருவர் பிற்பாடு "என் பேச்சை எடுத்துவிடு" என்றால் எந்தத் தேதி வரை எடுக்க முடியும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தீசிஸ் சமர்ப்பித்த பிறகு முடியாது, அதை மறைக்கக் கூடாது.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் "இரண்டு விசைப்படகு வைத்திருக்கும், துபாயில் மச்சான் உள்ள, ஐம்பது வயதுக்காரர்" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஊர்ப் பெயர், படகுப் பெயர், உறவு, வயது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எதை மங்கலாக்குவது என்று முடிவெடுங்கள். கடன் கொடுத்தவர் யார் என்று தெரியவரும் எதையும் விட்டுவிடுங்கள், அது எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும்.

குளச்சல்காரன்:
இப்படி யோசிச்சு வர்ற பிள்ளைக்கு யாரும் கதவைச் சாத்தமாட்டாங்க. ஆகஸ்ட்ல வாங்க தங்கச்சி. தடை முடிஞ்சு விசைப்படகு எல்லாம் கிளம்புற நேரம், கரையில எல்லாரும் வேலையா இருப்பாங்க. வந்து சும்மா நின்னு பாருங்க. முதல் வாரம் எதுவும் கேக்காதீங்க.

நெய்தல்:
வருகிறேன், அண்ணே. கைடிடம் பேசிவிட்டேன். தலைப்பில் "மீனவக் குடும்பங்கள்" என்று மாற்றச் சம்மதித்தார். முதலில் நாட்டுப்படகுக் குடும்பம் ஒன்று, ஆழ்கடல் படகுக் குடும்பம் ஒன்று, இரண்டையும் முழுதாகச் செய்துவிட்டு டி.சி. மீட்டிங்குக்குப் போகலாம் என்கிறார். முதல் டிரான்ஸ்கிரிப்ட் தயாரானதும் குறியீட்டோடு இங்கே போடட்டுமா, மேடம்? எல்லோரும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாடக்குளம்:
இங்கே போடாதீர்கள். அவர் பேசியது உங்களை நம்பி, இந்த இழையை நம்பி அல்ல. இழையை ஊரில் யாரும் படிக்கலாம், படிக்கவும் செய்கிறார்கள். கைடிடமும், ரகசியம் காப்பதாக எழுதிக்கொடுத்த ஒரு சக ஆய்வாளரிடமும் மட்டும் காட்டுங்கள். இங்கே உங்கள் கேள்விப் பட்டியலைப் போடுங்கள், குறியிடும்போது எங்கே சிக்கினீர்கள் என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள். அதை வைத்தே நிறையப் பேசலாம்.

நெய்தல்:
சரி, மேடம். கேள்விப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் போடுகிறேன். "நம்பிக்கை" என்று வரும் கேள்விகளை எல்லாம் ஏற்கனவே அடித்துவிட்டேன்.

ஒலிநாடா:
போடுங்கள். "ஏன்" என்று தொடங்குபவை எத்தனை இருக்கின்றன என்று நான் பார்க்கிறேன்.